நெக்ஸ்ட் அழுத்துறதுக்கு முன்னாடி...

ரொம்ப நாளா ஆளையே காணோம்னு தேடியிருப்பீங்க (யாரும் தேடலைன்னு எனக்கும் தெரியும், ஒரு நப்பாசைதான்). ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க முளைக்குது.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், தங்கமணி வச்ச வத்தக்குழம்பை ஒரு கட்டு கட்டிட்டு, பூனா குளிருக்கு இதமா போர்வையை இழுத்துப் போர்த்தி சாஞ்சேன். பொண்ணு லேப்டாப்பும் கையுமா வந்து நின்னா.

"அப்பா, காலேஜ் புராஜெக்ட்டுக்கு பைத்தான்ல இருந்து எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸுக்குப் போகணும். ஓடிபிசி டிரைவர் போடணுமாம். டவுன்லோட் பண்ணிட்டேன். நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அழுத்திடட்டா?"

"கையை எடு மொதல்ல!"

நான் போட்ட சத்தத்துல அடுக்களையில ஒரு கரண்டி கீழ விழுந்துச்சு. "ஏங்க, பாம்பு கீம்பு வந்துருச்சா?"ன்னு தங்கமணி எட்டிப் பாத்தாங்க. பாம்பை விட மோசம்னு சொன்னா யார் நம்புவா? அதனால அன்னைக்குப் பொண்ணுகிட்ட சுத்தின கொசுவத்தியை உங்களுக்கும் ஒரு தடவை சுத்திடறேன்.

பொட்டி தட்டாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாங்க பூனாவுக்குக் குடி வந்தது 2004ல. தங்கமணிக்கு அப்ப ஹிந்தி தெரியாது, மராத்தி சுத்தம். கீழ் வீட்டுல ஒரு மராத்தி அம்மா. வீட்டுக்காரரோட கல்பாக்கத்துல பதினஞ்சு வருஷம் இருந்தவங்க, நம்மளை விட நல்லா தமிழ் பேசுவாங்க. காய்காரன் கத்தினா தங்கமணி மாடியில இருந்து தமிழ்ல கேப்பாங்க, அந்த அம்மா அதை மராத்தியில சொல்லுவாங்க, அவன் சொல்ற விலையைத் திரும்பத் தமிழ்ல சொல்லுவாங்க. நடுவுல ஒரு துபாஷி. பாண்டிச்சேரியில டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி, தங்கமணிக்கு அந்த அம்மா.

கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். நம்ம புரோகிராம் ஒரு பாஷை, டேட்டாபேஸ் ஒரு பாஷை. நடுவுல இருக்கற துபாஷிதான் டிரைவர். எல்லாத் துபாஷியும் ஒரே முறையில கூப்பிட்டா வரணும்னு மைக்ரோசாப்ட் 1992ல கொண்டு வந்த ஏற்பாடு ஓடிபிசி. ஜாவாக்காரங்களுக்கு 1997ல ஜேடிபிசி வந்துச்சு. எந்தத் துபாஷி, எந்த விலாசம்னு எழுதி வைக்கிற சீட்டுக்கு டிஎஸ்என்னு பேரு. அவ்வளவுதான் மேட்டர்.

துபாஷியைக் கூட்டிட்டு வர்றது அஞ்சு நிமிஷ வேலை. அவர் வந்து தங்கறதுக்கு வீட்டைத் தயார் பண்றதுதான் வேலையே. இது எனக்குத் தெரிஞ்சது 2012 தீபாவளிக்கு. தெரிஞ்ச விதம்தான் சரியில்ல.

அப்ப நான் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில இருந்தேன். போசரி தொழிற்பேட்டையில எங்களுக்கு ஒரு கஸ்டமர், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யற ஃபேக்டரி. முந்நூத்திச் சொச்சம் தொழிலாளிங்க. அதுல பாதிக்கு மேல பீகார், உ.பி., ஒடிசா. நம்மளை மாதிரியே பொழைக்க வந்த கூட்டம், ஏசி ரூம் மட்டும் கிடையாது.

அங்க அக்கவுண்ட்ஸ் ரூம்ல ஒரு காகா. காகான்னா மராத்தியில சித்தப்பா. (நான் வீட்ல "இன்னைக்குக் காகா திட்டினார்"னு சொன்னப்ப, ஆறு வயசுப் பொண்ணு "காக்காவுக்குச் சோறு வைக்கலையாப்பா?"ன்னு கேட்டது தனிக்கதை.) ரிட்டயர் ஆக ரெண்டு மூணு வருஷம் பாக்கி. அவரோட கம்ப்யூட்டர்லதான் சம்பள புரோகிராம் ஓடும். 2001ல யாரோ விஷுவல் பேசிக்ல எழுதினது, ஆரக்கிள் டேட்டாபேஸ்கிட்ட பேசும். அதே கம்ப்யூட்டர்ல, விரல் வச்சு வருகை பதியற புது சாப்ட்வேரையும் போடணும்னு எங்களுக்கு வேலை வந்துச்சு. புதுசு 64 பிட், பழசு 32 பிட். புதுசுக்கு 64 பிட் ஆரக்கிள் கிளையன்ட் வேணும்.

தேதி நவம்பர் 9, வெள்ளிக்கிழமை சாயங்காலம். செவ்வாய்க்கிழமை தீபாவளி. சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு ரயில். "இதை முடிச்சிட்டுப் போயிடுப்பா"ன்னார் எங்க டேமேஜர். முடிச்சிட்டுப் போயிடலாம்னு நானும் கிளம்பினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். புது சாப்ட்வேர் ஜோரா டேட்டாபேஸைத் தொட்டுடுச்சு.

அதோட விட்டிருக்கலாம். விதி! பாத்னு ஒரு செட்டிங் இருக்கு. ஒரு புரோகிராமுக்கு ஏதாவது ஃபைல் வேணும்னா எந்தெந்த ஃபோல்டர்ல, எந்த வரிசையில தேடணும்னு எழுதி வச்ச பட்டியல். தெருவுல "முருகேசன் வீடு எது?"ன்னு வரிசையாக் கதவைத் தட்டிட்டுப் போற மாதிரி. மொதல்ல எந்த முருகேசன் கதவைத் திறக்கிறாரோ அவர்தான். அந்தக் கம்ப்யூட்டர்ல ஆரக்கிள்னு ஏற்கனவே மூணு ஃபோல்டர் கிடந்தது. எது உபயோகத்துல இருக்கு, எது குப்பைன்னு தெரியல. "என்னடா இது அசிங்கமா"ன்னு பாத்ல இருந்த பழைய வரிகளை எல்லாம் அழிச்சிட்டு, புதுசை மட்டும் மொதல்ல வச்சேன். டிஎன்எஸ்_அட்மின்னு இன்னொரு செட்டிங். டேட்டாபேஸோட விலாசப் பட்டியல் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்றது. அதையும் புது ஃபோல்டருக்கு மாத்தினேன். யாரும் கேக்காமலேயே வீட்டைப் பெருக்கிக் கொடுத்த பெருமையோட கிளம்பினேன். சம்பள புரோகிராமைத் திறந்து பாக்கணும்னு தோணவே இல்ல. அது என் வேலை இல்லையே!

சனிக்கிழமை காலை ஒம்பது மணி. பெட்டி கட்டிட்டு இருந்தோம். போன்.

"பாளா, பகார் ஓப்பன் ஹோத் நாஹி." பாளான்னா தம்பின்னு வச்சுக்குங்களேன். பகார்னா சம்பளம். மீதி உங்களுக்கே புரியும்.

அன்னைக்குத்தான் அக்டோபர் சம்பளமும் தீபாவளி போனஸும். சட்டப்படி போனஸ் குறைஞ்சது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாசச் சம்பளம். அப்பல்லாம் எல்லாச் சனிக்கிழமையும் பேங்க் அரை நாள் உண்டு. பன்னெண்டு மணிக்குள்ள பட்டியல் போய்ச் சேரணும். விட்டா தீபாவளி முடிஞ்சுதான்.

பைக்கை விரட்டிட்டுப் போனேன். வாசல்லயே கூட்டம். பை, மூட்டை, சிலர் தோள்ல புதுப் போர்வை. தீபாவளியும் சட் பூஜையும் சேர்ந்து வர்ற சமயம், பீகார்க்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறது அப்பத்தான். ஒருத்தர் என்னைப் பாத்து, "சாப், ஆஜ் ஹோ ஜாயேகா நா?"ன்னார். ஆயிடும்னு தலையாட்டினேன். ஏன் ஆகலைன்னு நான் சொல்லல.

புரோகிராமைத் திறந்தா, "ஆரக்கிள் கிளையன்ட் இல்ல"ன்னு ஒரு செய்தி. இல்லையா? ரெண்டு இருக்கேடா! உக்காந்து யோசிச்சப்பதான் உறைச்சது. ரெண்டு கிளையன்ட்லயும் இருக்கற முக்கியமான ஃபைலுக்குப் பேர் ஒண்ணுதான். 32 பிட் புரோகிராம் 32 பிட் ஃபைலை மட்டும்தான் தனக்குள்ள ஏத்திக்க முடியும். பாத்ல இப்ப இருக்கிறது 64 பிட் மட்டும். முருகேசன் கதவைத் திறந்தாச்சு, ஆனா ஆள் வேற. தப்பு ஆரக்கிள் மேலயும் இல்ல, அந்தப் பழைய புரோகிராம் மேலயும் இல்ல. முழுக்க என் மேல.

சரி, புதுசை எடுத்துட்டா பழையபடி ஆயிடும்னு அன்இன்ஸ்டால் பண்ணினேன். ஆகல. நான் அழிச்ச வரிகளை அது எப்படித் திருப்பித் தரும்? சிஸ்டம் ரீஸ்டோர்? இடம் பத்தலைன்னு யாரோ எப்பவோ அணைச்சு வச்சிருக்காங்க. மூணு ஃபோல்டர்ல எது சரியானது? ஒண்ணு ஒண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். மணி பத்தே முக்கால். கையெல்லாம் வேர்வை.

காகா இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். நம்மூர் மளிகைக்கடை கணக்கு நோட்டு மாதிரி, நீளமா, சிவப்பு அட்டை.

"ஹே பக"ன்னார். இதைப் பாரு.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாள்ல இருந்து, யார் வந்து தொட்டாலும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கார். என்ன பண்ணாங்க, எதுக்குப் பண்ணாங்க, எவ்வளவு நேரம். ஒரு பக்கத்துல பாத் வரி முழுசும், ஒரு எழுத்து விடாம, கோலன் செமிகோலனோட, இங்கிலீஷ்ல கையால எழுதியிருக்கார். அதுக்கு அடுத்த வரியில டிஎன்எஸ்_அட்மின், டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர். அவருக்கு அதுல ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. திரையில இருந்ததைப் பாத்து எழுதியிருக்கார். "மெஷின் நின்னா சம்பளம் நின்னுடும், அதான்"னார்.

நேத்து சாயங்காலம் இதே மனுஷன் என் பக்கத்துல வந்து, "என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்"னு கேட்டார். "உங்களுக்குப் புரியாது காகா"ன்னு சொன்னது நான்தான். அதையும் அவர் எழுதியிருந்தார். தேதி, என் பேரு, "சொல்லவில்லை".

பாத் வரியைப் பாத்து அடிச்சேன். புரோகிராம் திறந்தது, ஆனா ஓஆர்ஏ-12154ன்னு அடுத்த முட்டுக்கட்டை. விலாசப் பட்டியல்ல பேர் இல்லைன்னு அர்த்தம். அடுத்த வரியைப் பாத்து டிஎன்எஸ்_அட்மினை மாத்தினேன். பதினொண்ணு இருபதுக்கு சம்பளப் பட்டியல் திரையில வந்துச்சு. நிரந்தரத் தொழிலாளிங்க பட்டியல் பதினொண்ணு அம்பதுக்கு பேங்க்குக்குப் போச்சு.

ஒப்பந்தத் தொழிலாளிங்க பதினெட்டுப் பேர் பட்டியல் தனி. அது போகல. நேரம் முடிஞ்சு போச்சு.

முதலாளி நல்ல மனுஷன், எங்கெங்கயோ பேசி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேருக்கும் ரொக்கமாவே கவர் போட்டார். ஆனா அதுல மூணு பேர், தானாப்பூர் வண்டியில ஜெனரல் பெட்டியில இடம் பிடிக்க மத்தியானமே ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டாங்க. காகா அந்த மூணு கவரையும் எடுத்துக்கிட்டு என் பைக்ல ஏறினார். மூஞ்சி அடையாளம் அவருக்குத்தான் தெரியும். பூனா ஸ்டேஷன்ல தீபாவளிக் கூட்டம் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ஜெனரல் பெட்டி வரிசையில ஒருத்தர் கிடைச்சார். மத்த ரெண்டு பேரைப் பெயர் சொல்லிக் கத்திப் பாத்தோம். போன் போகல. வண்டி கிளம்பிடுச்சு.

எங்க வண்டிக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. தங்கமணியும் பொண்ணும் பெட்டியோட வந்து சேர்ந்தாங்க. பொண்ணு கையில புது கவுன். எனக்கு அதை நிமிர்ந்து பாக்க முடியல. அந்த ரெண்டு வீட்டுலயும் ஒரு பிள்ளை அப்பாவோட கையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கும்.

ஒருத்தர் சட் முடிஞ்சு வந்து காசை வாங்கிக்கிட்டார். இன்னொருத்தர் அந்த ஃபேக்டரிக்குத் திரும்பி வரல. காகா விலாசம் தேடிப் பிடிச்சு அனுப்பி வச்சார். அனுப்பின தேதியும் நோட்டுல இருக்கு.

தப்பு பண்ணினவன் கத்துக்கிட்டதாவது நாலு பேருக்கு உதவட்டும். டிரைவரோ, கிளையன்ட்டோ, எந்த இடைமென்பொருளும் போடறதுக்கு முன்னாடி இப்ப நான் பண்றது இதுதான்:

1. யார் குடியிருக்காங்கன்னு பாருங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல எந்தெந்த புரோகிராம் டேட்டாபேஸ்கிட்ட பேசுது, யாருக்காகப் பேசுதுன்னு அங்க உக்காந்து வேலை பாக்கறவங்களைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த செட்டிங்லயும் இருக்காது.

2. பிட் கணக்கு. விண்டோஸ் 64 பிட்டா இருந்தா மட்டும் 64 பிட் டிரைவர் போட்டுடக் கூடாது. புரோகிராம் எதுவோ, டிரைவரும் அது. டாஸ்க் மேனேஜர்ல புரோகிராம் பேருக்குப் பக்கத்துலயே 32 பிட்னு காட்டும். ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரும் ரெண்டு இருக்கு. சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்கறது 64 பிட்டுக்கு, சிஸ்வாவ்64 ஃபோல்டர்ல இருக்கறது 32 பிட்டுக்கு. (ஆமாங்க, தலைகீழாத்தான்! எழுத்துப்பிழை இல்ல.) விண்டோஸ் 8ல இருந்து மெனுவுலயே ரெண்டையும் பிட் போட்டுத் தனித்தனியாக் காட்டுது. ரெண்டையும் திறந்து, டிரைவர் பட்டியலையும் டிஎஸ்என் பட்டியலையும் போட்டோ எடுத்து வைங்க.

3. பாத், டிஎன்எஸ்_அட்மின் மாதிரி எல்லா செட்டிங்கையும் ஒரு ஃபைல்ல நகல் எடுங்க. கமாண்ட் பிராம்ப்ட்ல செட்னு அடிச்சா மொத்தமும் கொட்டும். நீங்க போடாத எதையும் அழிக்காதீங்க. அசிங்கமா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்.

4. யூசர் டிஎஸ்என்னா, சிஸ்டம் டிஎஸ்என்னா? யூசர்ல போட்டா நீங்க லாகின் பண்ணினப்ப மட்டும்தான் தெரியும். பின்னணியில வேற கணக்குல ஓடற சர்வீஸுக்குத் தெரியாது. "என் லாகின்ல வேலை செய்யுதே!"ன்னு சண்டை வர்றது பாதி நேரம் இதனாலதான்.

5. பாதை திறந்திருக்கான்னு பாருங்க. பிங் போனா மட்டும் போதாது. எஸ்கியூஎல் சர்வருக்கு வழக்கமா 1433, ஆரக்கிளுக்கு 1521, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432. அந்த போர்ட் ஃபயர்வால்ல திறந்திருக்கணும்.

6. எழுத்து. தமிழ், மராத்திப் பேர்கள் எல்லாம் கேள்விக்குறியா வந்தா, டிரைவர் பக்கம் எழுத்துமுறை செட்டிங் பொருந்தலைன்னு சந்தேகப்படுங்க. ஆரக்கிள்ல அதுக்கு என்எல்எஸ்_லேங்னு பேரு. சரி பண்ற வரைக்கும் சேவ் பண்ணாதீங்க. கேள்விக்குறியாவே சேமிச்சிட்டா அசல் எழுத்து போனது போனதுதான்.

7. திரும்பி வர வழி. போட்டது வேலை செய்யலைன்னா எப்படிப் பழையபடி ஆக்குவீங்கன்னு போடறதுக்கு முன்னாடியே எழுதுங்க. எழுத முடியலைன்னா போடாதீங்க. போட்டு முடிச்சதும் புதுசை மட்டும் இல்ல, பழசையும் திறந்து பாருங்க.

8. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். பண்டிகைக்கு முன்னாடி வேண்டவே வேண்டாம்.

கதையைக் கேட்டுட்டு பொண்ணு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எழுந்து போய், பாதி எழுதின பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ணைக் கொண்டு வந்து தேதி போட்டா. புரொபசர் கொடுத்த புரோகிராமைத் திறந்து, அதுல டிரைவர் பேர் என்னன்னு பாத்து எழுதினா. 17ன்னு இருந்துச்சு. அவ டவுன்லோட் பண்ணி வச்சிருந்தது 18. பேர் அச்சு அசலாப் பொருந்தலைன்னா, டிரைவரே இல்லைன்னு சொல்லிடும். அதுவும் போக, 18ல இணைப்பு தானாவே பூட்டுப் போட்டுத்தான் போகும். காலேஜ் லேப் சர்வர்ல முறையான சான்றிதழ் இல்லைன்னா வாசல்லயே நிறுத்திடும்.

"நெக்ஸ்ட் அழுத்தியிருந்தா ராத்திரி பூரா தேடியிருப்பேன்ல?"ன்னா.

"நீ தேடியிருக்க மாட்ட. என்னை எழுப்பியிருப்ப"ன்னேன்.

17 போட்டாச்சு, அஞ்சு நிமிஷம். அதையும் எழுதிட்டு, "அந்தக் காகா இப்ப எங்கப்பா?"ன்னு கேட்டா. ரிட்டயர் ஆகி சாத்தாரா பக்கம் சொந்த ஊருக்குப் போயிட்டார். கிளம்பற அன்னைக்கு நோட்டை அடுத்து வந்த பையன்கிட்ட கொடுத்தார், நானும் அப்ப பக்கத்துல இருந்தேன். கடைசிப் பக்கத்துல இடம் இல்லாததால, புது நோட்டு ஒண்ணும் வாங்கி வச்சுட்டுத்தான் போனார்.

டிஸ்கி: இவ்வளவு படிச்சிட்டும் நேரா நெக்ஸ்ட் அழுத்திட்டு, "அண்ணே, ஒரு சந்தேகம்"னு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ற மகராசங்களுக்கு: நான் எடுப்பேன். ஆனா மொத கேள்வி, "எழுதி வச்சியா?"ன்னுதான் இருக்கும். இப்ப அப்பீட்டு!